உயரம் கூட்டிய ஜீப்

என் கணவர் ஜீப்பின் உயரத்தைக் கூட்டியது எனக்காகத்தான். இதை நான் சொல்லவில்லை, அவர் சொன்னார். என் அத்தையிடம், அதாவது தன் அம்மாவிடம் சொன்னார், பக்கத்துக் கிடங்குக்காரர்களிடம் சொன்னார், இடப்பள்ளியிலிருந்து வந்த மெக்கானிக் நண்பரிடம் சொன்னார். சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரே நம்பியும் விட்டார். ஆண்கள் ஆசைப்பட்டு வாங்கும் எந்தப் பொருளும் குடும்பத்துக்காகத்தான் வீட்டுக்குள் வருகிறது. எங்கள் டி.வி.யின் அகலம்கூட அத்தையின் கண்பார்வையை உத்தேசித்துக் கூடியதுதான்.

அப்போது நான் கர்ப்பமாக இருந்தேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். என் தாய்வீடு வைப்பினில், கடலுக்கும் காயலுக்கும் நடுவே இருக்கிறது. தனு, மகர மாதங்களில், அதாவது மார்கழி, தையில், வேலியேற்றம் வந்து கடல்நீர் ஏறினால், நாங்கள் குடியிருக்கும் மட்டாஞ்சேரியில் தெருவரைக்கும் வருகிற தண்ணீர் அங்கே அடுக்களைக்கே வந்துவிடும். எனக்கு டாக்டர் சொன்ன நாளும் அந்த மாதங்களில்தான் விழுந்தது. இரண்டு வீட்டிலும் கூடிப் பேசி, பிரசவத்தை மட்டாஞ்சேரியிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவானது. இங்கேயும் தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு நின்றால் ஆட்டோ வராதே என்று அம்மா கவலைப்பட்டாள்.

"அதுக்கென்ன அத்தே, நம்ம ஜீப் இருக்குல்லா?" என்று அம்மாவிடம் சொன்னார் என் கணவர்.

சொன்ன மாத்திரத்தில் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. குழந்தை உண்டாகியிருக்கிறது என்று நான் சொன்ன அன்று வந்ததைவிட அது கொஞ்சம் கூடுதல்தான். நான் அதைக் கவனித்தேன்.

அந்த ஜீப் என் மாமனார் சுக்கு மூட்டை ஏற்றுவதற்காக வாங்கியது. நாலு சக்கரமும் இழுக்கிற, இரும்புக் கூரை போட்ட பழைய வண்டி. மாமனார் காலமாகி, வியாபாரமும் சுருங்கியபின், அது வீட்டுக் கிடங்கில் சும்மா நின்றது. எங்கள் வீடு பழைய கடைத்தெரு வீடு. கீழே கிடங்கு, மேலே குடித்தனம். கிடங்குக்குத் தெருப்பக்கம் ஒரு பெரிய வாசல், அதன் மேலே குறுக்கே ஒரு தடித்த தேக்கு உத்தரம், பக்கவாட்டில் ஆள் போய்வர ஒரு சின்னக் கதவு. ஜீப் வருஷக்கணக்காக அந்தப் பெரிய வாசல் வழியாகப் போய்வந்தது. யாரும் உத்தரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டி வந்ததில்லை.

என் கணவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் உண்டு. எல்லாரும் பழைய ஜீப் வைத்திருப்பவர்கள். வாகமண் மலைப் பக்கம் போய், ரோடு இல்லாத இடமாகப் பார்த்து ஓட்டி, சேற்றில் மாட்டி, ஒருவரை ஒருவர் கயிறு கட்டி இழுத்து, அதைப் படமெடுத்துப் போட்டுச் சந்தோஷப்படுவார்கள். ஆஃப்-ரோடு என்று அதற்குப் பெயர். மட்டாஞ்சேரியில் குழாய் பதிக்கத் தோண்டிய தெருக்களில் ஆட்டோக்காரர்கள் இதையே தினமும் பிழைப்புக்காகச் செய்கிறார்கள். அவர்களை யாரும் படம் எடுப்பதில்லை.

வேலை எங்கள் கிடங்குக்குள்ளேயே ஆரம்பித்தது. பட்டறைக்குக் கொண்டுபோகாததற்குக் காரணம், வண்டியின் உருவத்தை இந்த அளவுக்கு மாற்றுவது சட்டப்படி ஆகாது என்பது. வெளியே வைத்துச் செய்தால் யாராவது பார்த்துவிடுவார்களாம். செய்து முடித்துத் தெருவில் ஓட்டும்போது மட்டும் எல்லாரும் கண்ணை மூடிக்கொள்வார்கள் போலிருக்கிறது. ஜீப்பை மரக்கட்டைகள் மேல் ஏற்றி நிறுத்திச் சக்கரங்களைக் கழற்றினார்கள். சக்கரங்களை இணைக்கும் இருசுக்குக் கீழே கிடந்த ஸ்பிரிங் பட்டைகளை எடுத்துவிட்டு, புதுப் பட்டைகளை இருசுக்கு மேலே வைத்துக் கட்டினார்கள். அப்படிச் செய்தால் வண்டியின் உடம்பு அத்தனையும் மேலே எழும்பிவிடும். அதற்கேற்ற நீளத்தில் ஷாக் அப்சார்பர்கள் வந்தன. கூரைமேல் ஒரு இரும்புக் கேரியரும், அதில் வரிசையாக விளக்குகளும் வெல்டிங் வைக்கப்பட்டன. கடைசியாக, டிராக்டருக்குப் போட வேண்டியதோ என்று சந்தேகப்படும்படியான டயர்கள் வந்தன.

இத்தனைக்கும் அளவெடுக்காமல் அவர்கள் ஒரு ஆணியைக்கூட முடுக்கவில்லை. பட்டையின் வளைவை அளந்தார்கள், இருசின் சாய்வை அளந்தார்கள், தரைக்கும் வயிற்றுக்கும் உள்ள இடைவெளியைப் படுத்துக்கொண்டு அளந்தார்கள். அங்குலத்துக்கும் அரை அங்குலத்துக்கும் அவரும் மெக்கானிக்கும் மணிக்கணக்காகச் சண்டை போட்டார்கள். சாயா ஆறிப்போய்க் கிடக்கும். அத்தைக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்னடா? சாயாவைக் குடிச்சுத் தொலைங்க" என்றாள்.

"சேச்சி பேடிக்க வேண்டாம், பயமே வேண்டாம். இனி இந்த வண்டி தென்னைமரத்துலயும் ஏறும்" என்று மெக்கானிக் என்னைப் பார்த்துச் சொன்னார்.

வண்டி எதில் ஏறும் என்பதல்ல என் கவலை. வண்டியில் நான் எப்படி ஏறுவது என்று கேட்டேன். கால் வைக்கும் படி என் இடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது, இடுப்பு என்று ஒன்று அப்போது எனக்கு இருந்ததாக வைத்துக்கொண்டால். என் கணவர் உடனே போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிவந்தார். அதுவும் எனக்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பார்த்து, பூஜை போட்டு, வண்டியை வெளியே எடுப்பதாக ஏற்பாடு. கூட்டத்துக்காரர்கள் எல்லாரும் வருவதாக இருந்தது. என் மகள் அதுவரை காத்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் தெருவில் தண்ணீர் முழங்காலைத் தொட்டது. கிடங்குக்குள்ளும் கணுக்கால் அளவுக்கு வந்துவிட்டது. சாமி விளக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போதே எனக்கு வலி கண்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால், தண்ணீரில் சந்துக்குள் வரமுடியாது, மெயின் ரோட்டில் நிறுத்திக்கொள்கிறோம் என்றார்கள். என் கணவர் பதறவில்லை. பதறாதது மட்டுமல்ல, அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

"நான் அப்பவே சொன்னேன்லா? இதுக்குத்தானே இவ்வளவு பாடுபட்டது!" என்று சாவியை எடுத்தார்.

என்னைக் கிடங்குக்குள் மூட்டை இறக்கும் திண்டின் மேல் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். வண்டியை வெளியே எடுத்தபிறகு ஸ்டூல் வைத்து ஏற்றுவதாகத் திட்டம். அந்த நேரத்திலும் அத்தை எலுமிச்சம்பழம் இல்லாமல் புது வேலை செய்த வண்டியை நகர்த்தக் கூடாது என்று சொல்லிவிட்டாள். நாலு பழத்தைக் கொண்டுவந்து நாலு டயருக்கும் முன்னால் வைத்தாள். தண்ணீர் அவற்றைத் தூக்கி, உத்தரத்துக்கு அடியில் தெருவுக்குக் கொண்டுபோய்விட்டது. எங்கள் வீட்டிலிருந்து அன்றைக்குத் தடங்கல் இல்லாமல் வெளியே போனவை அந்தப் பழங்கள் மட்டும்தான்.

ஜீப் உறுமிக்கொண்டு நகர்ந்தது. வாசலில் கிரீச் என்று ஒரு சத்தம் கேட்டது. நின்றது. என் கணவர் இறங்கி வந்து மேலே பார்த்தார். கேரியர் உத்தரத்தில் முட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் அளந்தவர்கள் வாசலை அளக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது எழுதும்போது வருகிறது. அப்போது வலி வந்து போகிற இடைவெளியெல்லாம் பயம்தான் இருந்தது.

அவர் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். டயரில் காற்றை இறக்கச் சொல்லி யோசனை வந்தது. இறக்கினார். இன்னும் நாலு விரல் இடித்தது. அதற்குள் சத்தம் கேட்டுப் பக்கத்துக் கிடங்கின் சுமட்டுக்காரர்கள் தண்ணீரில் நடந்து வந்துவிட்டார்கள். லாரி வராததால் அன்று அவர்களுக்கு மூட்டை தூக்கும் வேலை இல்லை. அவர்களில் மூத்தவர் நிலைமையைப் பார்த்துவிட்டு, "ஆளு ஏறினா வண்டி தாழும்லா?" என்றார்.

பாரம் ஏற்றினால் ஸ்பிரிங் இறங்கத்தானே வேண்டும்? மாதக்கணக்காக உயர்த்திய வண்டியைத் தாழ்த்துவதற்காக, மட்டாஞ்சேரியின் கனத்த ஆட்கள் இடம் கொண்ட மட்டும் பின்கதவு வழியாக உள்ளே ஏறி நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். புதுப் பட்டைகள் முனகிக்கொண்டு தாழ்ந்தன. என் கணவர் மெல்ல நகர்த்தினார். கேரியரின் முன்பாதி உத்தரத்தைத் தாண்டியது. "போட்டே, போட்டே", போகட்டும் போகட்டும் என்று எல்லாரும் கத்தினார்கள். எனக்கே ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

அப்போதுதான் வலி பிடித்து இழுத்தது. நான் வாய்விட்டு அலறிவிட்டேன்.

அந்த மனிதர்களுக்கு இரக்க குணம். பெண்பிள்ளை அலறினால் சும்மா உட்கார்ந்திருப்பார்களா? ஐயோ என்று அத்தனை பேரும் ஒரே சமயத்தில் பின்னால் குதித்து என்னிடம் ஓடிவந்தார்கள். பாரம் இறங்கியதும் ஜீப் பெருமூச்சு விட்டதுபோல எழும்பியது. கேரியர் உத்தரத்தின் அடியில் ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பக்கக் கதவுகள் நிலைக்கால்களில் இடித்துக்கொண்டு திறக்கவில்லை.

மூத்தவர் அதற்குமேல் ஜீப்பைப் பார்க்கவில்லை. "மோளே, இது நடக்கிற காரியமில்ல. நாங்க கொண்டுபோறோம்" என்றார்.

சுக்கும் மிளகும் இழுக்கிற அவர்களுடைய கைவண்டியைச் சின்னக் கதவுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தி, அதன்மேல் என் நாற்காலியைக் கயிற்றால் கட்டினார்கள். என்னைத் தூக்கி உட்காரவைத்தார்கள். அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். வண்டியைத் திருப்பும்போது ஜீப்பின் முகத்துக்கு நேராக வந்தோம். தெருவுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு, எல்லா விளக்கும் எரிய, அது நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் என் கணவர்.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நீ போய்க்கிட்டே இரு. நான் இதை எடுத்துக்கிட்டுப் பின்னாலேயே வந்துடறேன்" என்றார்.

அந்த ஜீப்பின் பின்கதவு திறந்தே கிடந்தது. சுமட்டுக்காரர்கள் குதித்த கதவு. அவரும் குதித்திருக்கலாம். குதித்து, என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கூட நடந்திருக்கலாம். வலி எனக்கு மறந்துவிட்டது, எல்லாப் பெண்களுக்கும் மறப்பதுபோல. இது மறக்கவில்லை.

தண்ணீருக்குக் கீழே எங்கே குழி என்று தெரியாத தெருவில், ஒருவர் முன்னால் காலால் துழாவிக்கொண்டே போக, மற்றவர்கள் தள்ளினார்கள். நான் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்திருந்தேன். வண்டி சாய்ந்தால் குழந்தைக்கு என்ன ஆகும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. மாடி ஜன்னல்களிலிருந்து சனங்கள் பார்த்தார்கள். ஒருத்தி, "வீட்ல ஜீப் இருந்தும் இதென்ன கோலம்?" என்று கேட்டது காதில் விழுந்தது. அத்தை அண்ணாந்து அவளுக்குப் பதில் சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது. மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸ் நின்றது. ஸ்பிரிங் இல்லாத அந்தக் கைவண்டி என்னை ஒரு குலுக்கல் இல்லாமல் கொண்டுசேர்த்தது என்று சொன்னால் பொய். நன்றாகவே குலுக்கியது. ஆனால் சேர்த்தது.

மதியத்துக்குள் மகள் பிறந்தாள்.

அவர் சாயங்காலம் வந்தார், ஆட்டோவில். அதற்குள் தண்ணீர் வடிந்திருந்தது. மெக்கானிக் வந்து கேரியரை அறுத்தெடுத்து, ஜீப்பை மறுபடியும் கிடங்குக்குள் தள்ளிவிட்டு வந்ததாக அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ். நர்ஸ் அதட்டி, கழுவிவரச் சொன்னாள். கழுவிவிட்டு வந்து குழந்தையை வாங்கினார். கண் கலங்கினார், அதை மறைக்கக் கூடாது. ரொம்ப நேரம் அவள் முகத்தையே பார்த்தார். பயந்துட்டியா என்று ஒரு வார்த்தை என்னைக் கேட்பார் என்று நான் காத்திருந்தேன். கேட்டிருந்தால் அழுதிருப்பேன், மன்னித்தும் இருப்பேன்.

"நான் ஒண்ணு தீர்மானிச்சுட்டேன்" என்றார்.

ஸ்பிரிங்கைப் பழையபடி மாற்றப்போகிறார் என்று நினைத்தேன்.

"அந்த உத்தரத்தை அறுத்து எடுத்துடறேன். அடுத்த பிரசவத்துக்கு ஒரு கொழப்பமும் வராது."

நான் கையை நீட்டி மகளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"அது மேலதான் நம்ம படுக்கையறை நிக்குது. அறுத்துட்டீங்கன்னா, அடுத்த பிரசவத்துக்கு அவசியமே வராது" என்றேன்.

பக்கத்துக் கட்டில்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. எத்தனை அங்குலம் அறுத்தால் போதும் என்று மனதுக்குள் அளந்துகொண்டிருந்தார்.