மல்காஜ்கிரியிலிருந்து தார்நாகாவுக்கு: முரளி எண்ணாமல் விட்ட மூன்று நாள்

மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் மகன் முரளி, என் முட்டி ஆபரேஷனுக்காக இந்த வருஷம் அடிக்கடி வந்து போனான். ஏப்ரலிலிருந்து மார்ச்சுக்குள் 182 நாள் இந்தியாவில் தங்கிவிட்டால், மஸ்கட் சம்பளத்துக்கும் இங்கே வரி கட்டவேண்டும் என்று யாரோ அவனைப் பயமுறுத்திவிட்டார்கள். அதனால் மார்ச் இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, ஆடிட்டரைப் பார்க்கக் கிளம்பினோம்.

காலை 10.10க்கு, சிகந்திராபாத் பக்கம் மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோ ஏறினோம். தார்நாகா ஐந்தரை கிலோமீட்டர், 24 நிமிஷம், 118 ரூபாய். முட்டி வலி உள்ளவர்கள் ஓரமாக உட்காருங்கள், இறங்கும்போது கம்பியைப் பிடிக்கலாம். ஆடிட்டர் ஆபீஸ் முதல் மாடி, பதினெட்டுப் படி, லிஃப்ட் கிடையாது.

ஆடிட்டர் சிகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். முரளி தான் நாள் கணக்கு எழுதிவைத்த சீட்டை நீட்டினான். ஐந்து தடவை வந்தது, 31ஆம் தேதி கிளம்புவதுவரை சேர்த்து 174 நாள்.

"எப்படி எண்ணினீங்க?"

"நாலாந்தேதி வந்தேன், இருபத்தஞ்சு போனேன். இருபத்தொண்ணு."

"இருபத்திரண்டுடா," என்றேன். "பதினாறாம் நாள் காரியத்துக்கு, செத்த நாளை விட்டுட்டா எண்ணுவாங்க?"

"ஹவ் ஹவ், ஆமா பாட்டி, நீங்க சொல்றதுதான் சரி," என்றார் ஆடிட்டர். " வந்த நாளும் ஒண்ணு, போற நாளும் ஒண்ணு. அப்படி எண்ணிடறதுதான் பத்திரம்."

ஐந்து தடவைக்கு ஐந்து கூடி 179 ஆனது. அப்பாடா என்று முரளி சாய்ந்து உட்கார்ந்தான். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"வரங்கல் கல்யாணம் இந்தச் சீட்டுல எங்கடா?"

"நக்கோ மா, வேண்டாம். அதை இங்க எடுக்காத."

எடுத்தேன். நவம்பரில் அவன் மச்சான் கல்யாணம். வெள்ளிக்கிழமை மத்தியானம் பொண்டாட்டியோடு இறங்கியவன் நேராக வரங்கல் போய், ஞாயிறு சாயங்காலம் திரும்பிப் பறந்துவிட்டான். ஆபரேஷன் ஆகி நான் படுத்திருந்தேன். வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

"வீட்டுக்கே வரலையே, அதுவும் கணக்கா?" என்றான். "ஏர்போர்ட்ல ஆள் இல்லாத மெஷின் கேட் வழியா வந்தேன். பாஸ்போர்ட்ல முத்திரைகூட இல்ல."

"முத்திரை இல்லேன்னா என்ன, இமிக்ரேஷன்காரங்ககிட்ட பதிவு இருக்கும்," என்றார் ஆடிட்டர். " அம்மா வீடா மாமியார் வீடான்னு சட்டம் கேக்காது. இந்தியாவுக்குள்ள இருந்தா நாள்தான்."

179உம் மூன்றும் 182. முரளி நெற்றியைத் துடைத்துக்கொண்டான். 30ஆம் தேதி கிளம்பினாலே தப்பிக்கலாமாம். ஆனால் விமானம் தாமதமானால் வம்பு என்று, டிக்கெட்டை 28க்கு மாற்றச் சொன்னார் ஆடிட்டர். அங்கேயே மாற்றினான்.

இப்படிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பாஸ்போர்ட்டை மட்டும் நம்பாமல் பழைய டிக்கெட்டெல்லாம் எடுத்துப் போங்கள். சேர்ந்தாற்போல் தங்கவேண்டியதில்லை, இரண்டு நாள் மூன்று நாளாக வந்ததும் கூடும். இங்கேயும் நல்ல வருமானம் வருகிறவர்களுக்கு விதி வேறு, அதைத் தனியாகக் கேளுங்கள். உங்கள் வீட்டில் கோபத்தை மறக்காத ஆள் யாராவது இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள்.

அந்தக் கல்யாணம் நவம்பரில் என்னிடமிருந்து மூன்று நாள் எடுத்தது, மார்ச்சில் 31ஐ 28 ஆக்கி இன்னொரு மூன்று. திரும்பும்போது ஆட்டோவில் முரளி, "ஏப்ரல் ஒண்ணுலேர்ந்து புதுக் கணக்கும்மா, மறுபடி வரேன்," என்றான். பொண்டாட்டியோடு வா, ஏர்போர்ட்டிலிருந்து நேராக மல்காஜ்கிரிக்கு வா என்றேன். சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஆட்டோ பாதி வழியில் மெட்டுகுடா தாண்டுவதற்குள், ஏப்ரலுக்கு இரண்டு டிக்கெட் போட்டுவிட்டான்.