பின்னேர் கிளம்பும் நேரம்

பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் அறை என் பொறுப்பு. துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் அத்தனையும் அங்கேதான். தினமும் மாலை ஆறு மணிக்கு எல்லாவற்றையும் ஒரு டிஸ்க்கில் காப்பி எடுப்போம். ஏழு மணிக்கு அந்தக் காப்பியிலிருந்து இன்னொரு காப்பி. முதலாவது கெட்டால் இரண்டாவதுதான் கதி.

ஒரு நாள் கட்டிங் பிரிவில் யாரோ ஒரு குழந்தைச் சட்டையின் பேட்டர்னைத் தவறி அழித்துவிட்டார்கள். இரண்டாவது காப்பியில் தேடினேன். பேர் இருந்தது, திறக்க முடியவில்லை. அதே நாளின் மற்றவற்றைத் தட்டிப் பார்த்தால் பாதி அப்படித்தான். முதல் காப்பி உருப்படியாக இருந்ததால் அன்று பிழைத்தோம்.

முன்னேர் போன வழியே பின்னேர் என்பார்கள். இங்கே முன்னேர் பாதி வயலில் நிற்கும்போதே பின்னேர் கிளம்பியிருக்கிறது. ஆர்டர் பெருகி, முதல் காப்பி முடியவே ஏழரை ஆகிறது. ஏழு மணி என்று குறித்து வைத்தவள் நான். திரையில் 'முடிந்தது' என்று பச்சை வந்தால் போதுமென்று தினமும் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்ட மடச்சியும் நானேதான்.

அன்றே கடிகாரக் கணக்கைத் தூக்கிவிட்டு, முதலாவது முடிந்தால் இரண்டாவது தானே தொடங்கும்படி மாற்றினேன். ஆனால் அது முடிய ஒன்பது மணி ஆகும். எட்டரைக்கு ஷிப்ட் விட்டதும் மேனேஜர் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார்.

"பஞ்சு பறக்கிற எடத்துல கரண்டை விட்டுட்டா ஊட்டுக்குப் போறது அம்மணி? ஏழு மணிக்கே வெச்சுடுங்க. பச்சை வருதில்லீங்க?"

"பச்சை வருமுங்க. பேட்டர்ன் வராதுங்க."

நெருப்புக்கு அவர் பயந்தது நியாயம். கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும் தனி லைன் கேட்டேன். அடுத்த வாரம் நம் சரக்கை வாங்கும் பையரின் ஆய்வாளர் ரிஜிஸ்டரைப் பார்க்க வருகிறார், இப்போதைக்குக் கையெழுத்தைப் போடுங்கள், முடியாதென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. போனால் போகட்டும், இவரும் ஆச்சு, இவர் வேலையும் ஆச்சு. சிவப்புப் பேனாவை எடுத்து, 'இரண்டாம் காப்பி திறக்கவில்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொன்னார். கிழிக்கவில்லை.

ஆய்வாளர் வந்த அன்று ரிஜிஸ்டரை நானே கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். படித்துவிட்டு, இதை எழுதியது யார் என்று கேட்டார்.

"நானுங்க."

எப்போது சரியாகும் என்று கேட்டார். மேனேஜரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், "தனி லைன் இழுத்த அன்னைக்குங்க."

நாலே நாளில் லைன் வந்தது. இப்போது எட்டரைக்கு மற்ற இடமெல்லாம் அணைந்துவிடும், என் அறை அணையாது. ஒன்பது மணிக்குப் பூட்டும் சாவியுமாக மேனேஜர் என் வாசலில் வந்து நிற்கிறார்.

"ஆச்சுங்களா அம்மணி?"

"இன்னும் இல்லீங்க."

நிற்கட்டும். திரையில் பச்சை வந்து ரெண்டு நிமிஷம் ஆகிறது. இரண்டாவது காப்பியிலிருந்து ஒரு பேட்டர்னைத் திறந்து பார்த்த பிறகுதான் நான் பேனாவை எடுப்பேன்.