ஹிசார்யாவில் குணசேகரத்தின் குளிர்காலம்

பல்கேரியாவின் ஹிசார்யா நகரத்தை, ஜெர்மனியின் இந்த பீலெஃபெல்ட்டில் என்னைவிட அறிந்தவர் எவருமில்லை. கண்ணைக் கட்டி விட்டாலும் அதன் இருபத்திரண்டு ஊற்றுகளுக்கும் வழி சொல்லுவேன். சரி, கொஞ்சம் கூடிப்போயிற்று. அந்த நாட்டில் நான் காலே வைத்ததில்லை. எல்லாம் மேல்மாடிக் குணசேகரம் சொன்னது. அவர் விட்ட இடங்களை நூலகத்துப் புத்தகங்களைக் கொண்டு நிரப்பினேன்.

மலையடிவாரத்து ஊர். நிலத்துக்குள்ளிருந்து சுடுநீர் பொங்கும். எங்கள் நாட்டுக் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள்தானே! அந்த நீருக்காகவே ரோமர் குளிப்பிடங்கள் கட்டினார்கள், ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார்கள். பின்னால் வந்த துருக்கியர் மதிலைப் பார்த்து ஊருக்குத் தங்கள் மொழியில் கோட்டை என்றே பெயர் வைத்தார்கள். தெற்கு வாசலின் பெயர் ஒட்டகங்கள். மேல்வளைவு இடிந்து, மிச்சம் நின்ற கோலம் அப்படி இருந்ததாம்.

"ஒட்டகத்தைத் தேடி ஒரு நாள் முழுக்கத் திரிஞ்சனான் அக்கா" என்பார் குணசேகரம்.

தொண்ணூற்றோராம் ஆண்டு மார்கழியில், ஜெர்மனிக்கென்று புறப்பட்டவரை ஏஜென்சிக்காரன் அங்கே இறக்கிவிட்டு மறைந்துபோனான். ஓநாய்கள் ஊளையிடும் குளிர். வெந்நீர்க் குளிப்பகம் ஒன்றில் வேலை பார்த்த ஸ்தோயங்கா என்ற விதவை, துவாய் காயப்போடும் சூடான அறையில் அவருக்குப் படுக்கை விரித்தாள். நான்கு மாதம் அவர் தரை கழுவினார். அவள் சூப் ஊற்றினாள். புறப்பட்ட அன்று அவள் கேட்டது ஒன்றுதான்: போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுது.

இங்கே அகதி முகாமில், முன்னால் வந்தவர்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்ததை அவருக்கும் சொன்னார்கள். நடுவில் நின்ற நாட்டின் பெயர் வாயில் வரக்கூடாது. வந்தால் அங்கேயே திருப்பி அனுப்புவார்கள். அவருடைய அன்ட்ராக்கில், அதுதான் அகதி விண்ணப்பத்தில், அந்த நான்கு மாதங்களே இல்லை.

ஆனாலும் கலியாணம் முடிந்த வருடம், மனம் கேட்காமல், அரைகுறைப் பல்கேரிய மொழியில் ஒரு கடிதம் எழுதினார். பதில் வரவில்லை.

ஜெர்மன் கடவுச்சீட்டு கிடைத்தபின் கனடாவில் கலியாணம், லண்டனில் சாமத்தியவீட்டுச் சடங்கு என்று பறந்தார். பல்கேரியத் தலைநகர் சோபியாவுக்கு விமானத்தில் மூன்று மணிநேரம்கூட இல்லை. கேட்டால், "பதில் போட விருப்பமில்லாத மனுசியிட்ட எந்த முகத்தோட போறது?" என்பார். போன வருடம் மகள் தேனுஜா அந்தக் குளிப்பகத்தைத் தேடிப் பிடித்துத் தொலைபேசியில் பேசினாள். ஸ்தோயங்கா இறந்து ஆறு வருடமாகிவிட்டதாம். அன்று முழுவதும் குணசேகரம் சாப்பிடவில்லை.

இவ்வளவையும் எழுதி, ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் வாசித்துக் காட்டினேன்.

"ஓநாய் எங்க வந்தது அக்கா? நாயெல்லோ குரைச்சது" என்றார் குணசேகரம்.

"அதை விடுங்கோ. வேறை பிழை இருக்கோ?"

அவர் மனைவி சுஜீவா கையிலிருந்த தேநீரை மேசையில் வைத்தாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"ஓம், ஒண்டு இருக்கு. பதில் வரேல்லை எண்டு எழுதியிருக்கிறியள். கடிதமே போகேல்லை அக்கா. தபாலில போடச் சொல்லி என்னட்டத்தான் தந்தவர். அப்ப இவரின்ரை அகதிக் கேஸ் முடியேல்லை, கடிதம் அம்பிட்டா இவரைப் பிடிச்சு அனுப்பிப்போடுவாங்கள் எண்ட பயத்தில நான்தான் கிழிச்சுப்போட்டனான்."