சென்சாருக்கு வைத்த பொட்டு

எனக்குப் பிழைப்பு சிங்கப்பூர் தேக்காவில் ரவிக்கை தைப்பது. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில், சனிக்கிழமைதோறும் யார் வேண்டுமானாலும் போய்க் கருவி செய்து பழகும் பட்டறை நடக்கிறது. ஆறு மாதம் அங்கே போய் ஒரு பெட்டி செய்தேன். ஒரு பக்கம் சின்ன விளக்கு, எதிரே வெளிச்சத்தை அளக்கும் சென்சார், நடுவில் கண்ணாடிக் குழாய். குழாயில் ஈஸ்ட் வளர வளர நீர் கலங்கும், திரையில் எண் இறங்கும். அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு ஒயரையும் பற்றவைத்தது நான்.

பொதுமக்கள் பார்க்க வரும் நாளில் பெட்டி ஒழுங்காக ஓடினால், புதியவர்களுக்கு நானே வகுப்பு எடுக்கலாம் என்று பட்டறையை நடத்தும் சீனப் பெண் சொல்லியிருந்தார். பள்ளியில் அறிவியலில் தேறாதவள் நான். அந்த வகுப்பு எனக்கு வேண்டும்.

அன்றைக்கு என் நாத்தனாரும் வந்திருந்தாள். “எதுக்கு அண்ணி இந்த வேண்டாத வேலை? பேசாம வீட்ல ரெஸ்ட் எடுங்க லா” என்று ஆறு மாதமாக என் காதைக் குடைந்தவள்.

வெறும் தண்ணீரை வைத்தேன். எண் உச்சத்தில் நிற்க வேண்டும். பூஜ்யம். ஈஸ்ட் நீரை வைத்தேன். அதே பூஜ்யம். பாட்டரியை மாற்றினேன், ஒயர்களை இழுத்துப் பார்த்தேன். ம்ஹும். சுற்றிலும் கூட்டம். நாத்தனார் கிளம்பக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மூடியைப் பிடுங்கினேன்.

சென்சாரின் மேல் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். முந்தின நாள் ஆயுத பூஜை. தையல் மெஷின், கத்தரிக்கோல், பெட்டி என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தவள் நான்தான். உள்ளே இருந்த இதற்கும் வைத்திருக்கிறேன், புத்தி கெட்டவள்.

சத்தமில்லாமல் துடைத்திருக்கலாம். ஆனால் வெளிச்சம் வரவில்லை என்று பெட்டி சரியாகத்தானே சொல்லிக்கொண்டிருந்தது? என் பெட்டியை நான் ஏன் ஒளிக்க வேண்டும்? எல்லோரையும் கிட்டே கூப்பிட்டேன். பொட்டைக் காட்டித் துடைத்துவிட்டுத் தண்ணீரை வைத்தேன்; எண் விர்ரென்று ஏறியது. ஈஸ்ட் நீருக்குப் பாதியாக இறங்கியது. விரலால் சென்சாரை மூடினேன், மறுபடி பூஜ்யம். தெரிந்த தமிழிலும் இங்கிலீஷிலும் ஏன் என்று விளக்கினேன். கேள்விமேல் கேள்வி கேட்டார்கள், நானும் விடவில்லை. பெட்டி தகராறு செய்யாமல் ஓடியிருந்தால்கூட இவ்வளவு புரிந்திருக்காது, வகுப்பு உங்களுக்குத்தான் என்றார் பட்டறையை நடத்தும் பெண். தலைகால் புரியவில்லை எனக்கு.

நாத்தனாரைத் தேடினேன். படிக்கட்டருகே நின்று, மார்சிலிங் வீட்டில் இருந்த தன் கணவரிடம் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“இனிமே சனிக்கிழமை நீங்களே சமைச்சுக்குங்க. எங்க அண்ணி கிளாஸ் எடுக்கப் போறாங்க, நான் போகணும்.”