ஸ்டெல்லா சொன்ன 'ங்க'

அப்போது ஏழாம் வகுப்பு. சோமனூர்ப் பக்கம் எங்கள் பள்ளி. அரையாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விடும் நாளில் வகுப்பிலேயே கிறிஸ்துமஸ் கொண்டாடினோம். என் பெஞ்சில் உட்காரும் ஸ்டெல்லாவும் நானும் 'வாடி, போடி' என்று பேசிக்கொள்ளும் சிநேகிதிகள்.

இருவரும் ஜன்னலில் காகித நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்தபோது, வகுப்புக்கே கச்சாயம் சுட்டுத் தூக்குப்போசியில் கொண்டுவந்தார் அவள் அம்மா. எங்கள் தோட்டத்துக்குப் பருத்தி எடுக்க வருபவர். டீச்சர் "வாங்கம்மா" என்றார். நானோ வீட்டில் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரியே, "ஏ மேரி, இங்க கொண்டாந்து வெய்யி" என்றேன்.

என் அம்மாவைவிட மூத்தவர். "சரிங்க அம்மணி" என்று சிரித்தபடியே வைத்தார். ஸ்டெல்லா என் பக்கம் திரும்பவே இல்லை. கையிலிருந்த நட்சத்திரத்தை நீவிக்கொண்டே நின்றாள். செய்தது தப்பென்று தெரிந்தும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கச்சாயம் மட்டும் மூன்று தின்றேன்.

லீவு முடிந்த அன்று, "ஏன்டி, லீவுக்கு எங்க போனே?" என்று அவள் பக்கத்தில் போய் நின்றேன். பெஞ்சிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஸ்டெல்லா சொன்னாள்: "உக்காருங்க."

எங்கள் ஊரில் மரியாதைக்குச் சொல்கிற சொல்தான். இன்றைக்கும் யாராவது அப்படிச் சொன்னால், என்னால் சட்டென்று உட்கார முடிவதில்லை.