ரொட்டி வண்டிக்கு வைத்த கேஸ்கெட்

பழைய பிக்கப் வண்டியைக் கண்டாலே முகம் சுளிக்கிறவர்கள் ஒரு நாளாவது மெதுவா மேஸ்திரியின் ஷெட்டுக்கு வந்து நிற்க வேண்டும். முன்பக்கம் நசுங்கி, கதவுக்குக் கதவு வேறு நிறமாகி, பின்தொட்டியில் துரு ஓட்டை விழுந்த வண்டிகள் அங்கே வரிசைகட்டி நிற்கும். பார்த்தால் பேரீச்சம்பழத்துக்குப் போடவேண்டியவை என்றுதான் தோன்றும். சாவியைத் திருப்பிப் பாருங்கள், இஞ்சின் ஒரே மூச்சில் பிடித்துக்கொள்ளும். பளபளவென்று புது வண்டி வாங்கியவன் நடுரோட்டில் நின்று கம்பெனிக்குப் போன் போட்டுக்கொண்டிருக்க, இவை செங்கல்லும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு அவனைத் தாண்டிப் போகும். ஒவ்வொரு தொட்டியையும் நம்பி ஒரு குடும்பம் சாப்பிடுகிறது. அதைப் போய் ஓட்டை உடைசல் என்று சொல்ல எப்படித்தான் வாய் வருகிறதோ.

மேஸ்திரிக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் அவருடைய வாய்தான். போல்ட்டை மெதுவா முறுக்கு, மெதுவா ஓட்டு, மெதுவா பேசு, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து. நாலு மாதத்துக்கு முன்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது, ஆம்புலன்ஸில் படுத்தபடியே டிரைவரைப் பார்த்து, மெதுவாப் போங்க, கிளட்ச் கருகுற வாசனை வருது என்று சொன்ன மகராசன். ஆஸ்பத்திரியில் இரண்டு இடத்தில் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், பெரிசா ஒண்ணுமில்ல, ரெண்டு பைப் அடைச்சிருந்துது, ஸ்லீவ் போட்டிருக்காங்க என்று விளக்கம் வேறு.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. இஞ்சினைப் பிரித்து வேலை பார்த்த வண்டியைச் சாவியோடு கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட மாட்டார். முதல் நாள் முழுக்க வண்டிக்காரர் பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்வார். அவர்கள் எங்கே போனாலும் போவார், என்ன ஏற்றினாலும் உட்கார்ந்திருப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை வண்டியின் தரையில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். காதுக்கு எட்டும் முன்பே காலுக்கு எட்டிவிடும் என்பது அவர் கணக்கு. இப்படியே மாட்டுத்தீவனக் கடை, மண்பானைச் சூளை, யாரோ ஒருவரின் பெண் பார்க்கும் வீடு வரைக்கும் போய்வந்திருக்கிறார். ஊர் சுற்ற நல்ல சாக்கு என்பார் அவர் மனைவி.

மேஸ்திரியம்மா லேசுப்பட்ட ஆள் இல்லை. கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே ஷெட்டின் சாவியை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். இடத்தை டயர் கடைக்காரர் வாடகைக்குக் கேட்கிறார், கொடுத்துவிட்டு வீட்டில் உட்காருங்கள் என்றார். மேஸ்திரி மூன்று மாதம் உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. தெருவில் போகிற வண்டியின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, நாலாவது சிலிண்டர் அடிக்கல என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அந்த அம்மாவே இறங்கிவந்து சாவியை நீட்டினார், ஆனால் கறாராகத்தான்.

"ஒரே ஒரு வண்டி. கனம் எதுவும் நீங்க தூக்கக் கூடாது, தம்பி தூக்குவான். அது நல்லபடியா ஓடினா நான் வாயைத் திறக்கல. கையி தடுமாறி ஏதாச்சும் கோளாறாச்சுன்னா சாவி திரும்ப எங்கிட்ட வந்திடணும். அப்புறம் கேக்கக் கூடாது."

தம்பி என்றது அவருடைய உடன்பிறந்த தம்பியை. ஷெட்டை ஒட்டி லேத்துப் பட்டறை போட்டிருக்கிறான். பக்கத்துப் பக்கத்தில் இருபது வருஷம் வேலை செய்தும், மாமனும் மச்சானும் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்யாமல் ஒரு பொழுதும் போனதில்லை. மாமா ஒரு போல்ட்டைக் கழற்றி முடிப்பதற்குள் நான் அந்தப் போல்ட்டையே செய்து தந்துவிடுவேன் என்பான் லேத்துக்காரன். நீ செய்யற போல்ட்டுக்குக் கழட்டற வேலையே இருக்காது, தானே கழண்டுடும் என்பார் இவர்.

அந்த ஒரே ஒரு வண்டியாக வந்து வாய்த்தது ரொட்டிக்காரம்மாவின் பிக்கப். இருபத்து மூன்று வயசு டீசல் வண்டி. வீட்டின் பின்கட்டில் அடுப்புப் போட்டு ரொட்டி சுட்டு, விடிந்ததும் கடை கடையாகக் கொடுத்துவருகிற பெண்மணி அவர். வண்டி சூடேறி வெள்ளைப் புகை கக்கியது. பார்த்தவுடனே மேஸ்திரிக்குத் தெரிந்துவிட்டது, கேஸ்கெட் எரிந்திருக்கிறது.

அது என்னவென்றால், இஞ்சினின் அடிப்பாகம் பிளாக், மேல்பாகம் ஹெட். இரண்டுக்கும் நடுவில் அட்டை கனத்துக்கு ஒரு தகடு இருக்கும், அதுதான் கேஸ்கெட். அதில் தண்ணீர் போக நிறைய ஓட்டைகள், ஆயில் மேலே ஏறுவதற்கு மட்டும் சுண்டுவிரல் நகத்தளவு ஒரே ஒரு ஓட்டை. மேஸ்திரி அதைச் சாகக் கிடந்தாலும் சரியாக வைப்பார் என்று ஊரே சொல்லும்.

வேலை ஆறு நாள் நடந்தது. ஹெட்டைச் சீவி மட்டப்படுத்திக் கொடுத்தது லேத்துக்காரன். கேஸ்கெட் வைக்கிற நாளில் அவன் காலையிலேயே அக்காவைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். மேஸ்திரி தனியாகத்தான் இருந்தார். கேஸ்கெட்டை வைத்தார், செயின் கப்பியில் தொங்கிய ஹெட்டை மெதுவாக இறக்கினார், போல்ட்டுகளை மூன்று சுற்றாக முறுக்கினார். மேலே வால்வுகளைத் தட்டித் திறக்கிற ராக்கர்களுக்கெல்லாம் கையாலேயே ஆயில் ஊற்றி மூடினார். ஸ்டார்ட் செய்ததும் இஞ்சின் பட்டுப்போல ஓடியது. மேஸ்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது அவருக்கு.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக ரொட்டிக்காரம்மா ஓட்ட, இவர் பக்கத்தில் வெறுங்காலோடு ஏறிக்கொண்டார். பின்னால் தட்டுத்தட்டாகச் சுடச்சுட ரொட்டி. முதல் ஐந்து கடை வரைக்கும் சொர்க்கம். வண்டி முன்னைக்கு இப்போது நன்றாக மேடு ஏறுகிறது என்று ரொட்டிக்காரம்மா வாயாரப் பாராட்டிக்கொண்டே வந்தார். ஆறாவது கடையைத் தாண்டியதும் மேஸ்திரி கண்ணைத் திறந்தார். பெருவிரலுக்கடியில் ஏதோ ஒன்று மெல்லியதாகத் தட்டியது. மறுபடியும் தட்டியது.

இந்த இடத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். மேஸ்திரிக்கு வாயைத் திறக்க மனசு வரவில்லை. ஆயில் லைட் எரியவில்லை, சூடு காட்டும் முள் ஏறவில்லை, ரொட்டிக்காரம்மா காதில் ஒன்றும் விழவில்லை. பழைய இஞ்சின் அப்படித்தான் தட்டும் என்று சொல்லிவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள். நிறுத்து என்று சொன்னால் சாவி போச்சு, ஷெட் போச்சு, நாளையிலிருந்து சுவரோடு பேச்சு. ஒரு தெரு முழுக்க அப்படியே உட்கார்ந்து வந்தார். வியர்த்துக் கொட்டியது. பிறகு வண்டியை ஓரங்கட்டி இஞ்சினை அணைக்கச் சொன்னார்.

இன்னும் ஒன்பது கடை பாக்கியிருக்கிறதே என்று ரொட்டிக்காரம்மா கேட்டார். ஒரு நிமிஷம்கூட இதை ஓட்டக் கூடாது என்றார் மேஸ்திரி. லேத்துக்காரனுக்குப் போன் போனது. அவன் யாரிடமோ ஒரு வேன் கேட்டு எடுத்துவந்து, ரொட்டித் தட்டுகளையெல்லாம் அதில் மாற்றி, ரொட்டிக்காரம்மாவோடு போய் ஒன்பது கடைக்கும் கொடுத்து முடித்தான். திரும்பி வந்து பிக்கப்பைக் கயிறு கட்டி ஷெட்டுக்கு இழுத்தான். வழி நெடுக ஒரு கிண்டல்கூட அவன் வாயிலிருந்து வரவில்லை.

சூடு ஆறக் காத்திருந்து மேல்மூடியைத் திறந்தார்கள். ராக்கர்கள் காய்ந்துபோய்க் கிடந்தன. கையால் ஊற்றிய ஆயில் தீரும்வரை ஓடியிருக்கிறது, அதன்பிறகு கீழேயிருந்து ஒரு சொட்டு ஏறவில்லை. மத்தியானச் சாப்பாட்டையும் மாத்திரையையும் கொண்டுவந்த மேஸ்திரியம்மா ஓரமாக நின்றார். லேத்துக்காரன் செயினை இழுத்து ஹெட்டைத் தூக்கினான். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கேஸ்கெட் தலைகீழாக வைக்கப்பட்டிருந்தது. புரட்டி வைத்தாலும் போல்ட் துளை, தண்ணீர் ஓட்டை எல்லாம் பொருந்தும். ஆயில் ஏறுகிற அந்த ஒரு ஓட்டை மட்டும் அடைபட்டுப்போகும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் செய்கிற தப்பு அது. முப்பத்தைந்து வருஷ சர்வீஸுக்குப் பிறகு செய்கிற தப்பா.

முதலில் வாயைத் திறந்தவன் லேத்துக்காரன்.

"அக்கா, இது என் வேலை. மாமா மாத்திரை போடப் போனப்ப, நான்தான் அவசரப்பட்டு எடுத்து வச்சேன். அவர்மேல தப்பு இல்ல."

சொல்லிவிட்டு ரொட்டிக்காரம்மாவிடமும் கையைக் கூப்பி, மன்னிச்சுக்கங்கம்மா என்றான். எப்பேர்ப்பட்ட பொய், அதுவும் யாரிடம் சொல்கிறான் பாருங்கள். கேஸ்கெட் வைத்த நேரத்தில் அவன் பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்ததே இந்த அக்காதானே. பாவி, பதற்றத்தில் அதை மறந்தே போய்விட்டான். மேஸ்திரியம்மா தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பார்வையைக் கணவர் பக்கம் திருப்பினார்.

தன் தொழில் பேரைத் தூக்கி மேஸ்திரிக்காகக் குப்பையில் போடத் துணிந்து நிற்கிறான் ஒருத்தன். இருபது வருஷம் கிண்டல் செய்ததைத் தவிர இவனுக்கு நாம் என்ன செய்திருக்கிறோம் என்று நினைத்தார். கும்பிட வேண்டும் போல இருந்தது. அவன் தோளைத் தொட்டு நகர்த்திவிட்டு, ரொட்டிக்காரம்மாவுக்கு நேராக வந்து நின்றார்.

"அவன் பொய் சொல்றாம்மா. வச்சது நான்தான். இந்தக் கைதான்."

சட்டைப்பையிலிருந்து ஷெட் சாவியை எடுத்து மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மா வாங்கிக்கொண்டார். லேத்துக்காரன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். ரொட்டிக்காரம்மாவுக்கு வீட்டு விவகாரம் எதுவும் தெரியாது. கோபப்படுவார் என்று எல்லோரும் எதிர்பார்க்க, அவர் பாட்டுக்குக் காலையில் நடந்ததைச் சொன்னார். லைட்டும் எரியவில்லை, சத்தமும் இல்லை, இவர் காலாலேயே கண்டுபிடித்து நிறுத்தச் சொன்னார், வேறு ஆளாக இருந்தால் இஞ்சின் இந்நேரம் ஒரேயடியாகப் போயிருக்கும், அதற்கு நான்தான் நன்றி சொல்லவேண்டும் என்றார். இஞ்சினை இவரே திரும்பப் பூட்டட்டும், வேறு யாரும் கை வைக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

மேஸ்திரியம்மா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அன்னிக்கு அதை வைக்கும்போது உங்க நெனப்பு எங்க இருந்துது?"

மேஸ்திரி பொய் சொல்லவில்லை. நெஞ்சில் இருந்தது என்றார். துடிக்கிறதா, சரியாகத் துடிக்கிறதா என்று நாலு மாதமாக அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஸ்பேனரைப் பிடித்தாலும் அதே கவனம்தான், கேஸ்கெட்டை எடுத்ததும் தெரியும், ஹெட்டை இறக்கியதும் தெரியும், நடுவில் வைத்தது மட்டும் நினைவிலேயே இல்லை என்றார். இதுவரைக்கும் அவர் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. பயப்படுகிற ஆள் என்று அவரைப் பற்றி யாரும் நினைத்ததும் இல்லை.

"நாலு மாசமா தெனம் ராத்திரி அதைக் கேட்டுக்கிட்டிருக்கிறது நான். உங்க முதுகுல காதை வச்சுக்கிட்டு. தூங்கறேன்னு நெனச்சீங்களா? அதை நான் பாத்துக்கறேன். நீங்க இஞ்சினைக் கேளுங்க."

சொல்லிவிட்டுச் சாவியை அவர் சட்டைப்பையில் தானே போட்டார். மனைவி அசந்து தூங்குகிறாள், பாவம், அலைச்சல் என்று எத்தனை இரவு மேஸ்திரி அசையாமல் படுத்திருக்கிறார். அந்த இரவுகளிலெல்லாம் அவருக்கு ஒரு காவல் இருந்திருக்கிறது. தெரியாமலே போய்விட்டதே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கண்ணீர் வழிந்ததை ஆயில் கையாலேயே துடைத்ததில் முகமெல்லாம் கறுப்பாயிற்று.

லேத்துக்காரன் ஓடிப்போய்ப் புதுக் கேஸ்கெட் வாங்கிவந்தான். லேசாக உராய்ந்திருந்த, ராக்கர்கள் கோத்திருக்கிற தண்டை லேத்தில் போட்டு மெருகு ஏற்றிக் கொடுத்தான். வேலை தெரியாதவனெல்லாம் கேஸ்கெட் வைக்கக் கூடாது மாப்ளே என்று மேஸ்திரி மெல்ல எடுத்துவிட, அவனுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. மேஸ்திரியம்மா வீட்டுக்குப் போகவில்லை. ஒரு டயரின்மேல் உட்கார்ந்துகொண்டார். மேஸ்திரி கேஸ்கெட்டை பிளாக்கின்மேல் வைத்து, ஒவ்வொரு ஓட்டையிலும் விரலை விட்டுப் பார்த்தார். அவசரமே இல்லை. நெஞ்சு என்று ஒன்று இருப்பதே அவருக்கு அப்போது நினைவில்லை.

பொழுது சாய்வதற்குள் எல்லாம் பூட்டியாயிற்று. மேல்மூடியை மட்டும் போடாமல் ரொட்டிக்காரம்மாவைச் சாவி திருப்பச் சொன்னார்கள். இஞ்சின் ஓடியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அவரும் இறங்கிவர, நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பிறகு ராக்கர் தண்டின் ஓரத்தில் ஆயில் கசிந்தது, அடுத்த ராக்கர் நனைந்தது, அதற்கடுத்ததும் நனைந்தது, கடைசி வரைக்கும் பளபளவென்று ஆகிவிட்டது. மேஸ்திரி மனைவி பக்கம் திரும்பினார். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் சொல்லாததை, தம்பியும் ரொட்டிக்காரம்மாவும் நிற்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் சொன்னார்.

"நீ இல்லேன்னா நான் இல்லடி."

"தெரியுது. மூடியைப் போடுங்க, தூசி விழும்" என்றார் அந்த அம்மா.