அளவுக்கு நின்றவள்

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு கவுனுக்கு இரண்டு சொந்தக்காரிகள் ஆகிவிட்டார்கள். குழப்பம் முழுக்க என் தயாரிப்பு.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தம்பி மகள் ஜெனிக்கு நான்தான் தைப்பேன். அவர்கள் சென்னையில். நான் புதுக்கோட்டையில், ஒரு தையல் மெஷினோடு. பண்டிகைக்கு முந்தின நாள் வருவார்கள், மறுநாள் மதியமே பஸ் ஏறிவிடுவார்கள். அந்த ஒன்றரை நாளுக்காக மாதம் முழுக்கத் தைத்துக்கொண்டிருப்பேன்!

கடையில் தொங்கும் பார்ட்டி கவுனின் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? திருப்பாதீர்கள். கட் பீஸ் கடையில் அதே பளபளப்பை எடை போட்டுத் தருகிறார்கள். மெரூன் சாட்டினில் ஒரு துண்டு, மேலே போட்டுச் சுருக்க வலைத்துணி கொஞ்சம். வலையின் தையல் ஓரம் பிள்ளைக்கு உடம்பில் குத்துமே? என் பழைய காட்டன் புடவையைக் கிழித்து உள்ளே லைனிங் கொடுத்தேன். மாவு போல மெத்தென்று ஆகிவிட்டது.

பழைய பேப்பர் அளவு இனி ஒத்துவராது, புது அளவுதான் இல்லை. தம்பியிடம் போனில் கேட்டேன்.

"அனுப்புறேன்க்கா" என்றான். அனுப்பவில்லை. மறுபடி கேட்டேன்.

"ஒன் பக்கத்து வீட்டு யாழினி இருக்கால்ல... அவ ஒசரம்தான். பாத்து தச்சுருக்கா, மீட்டிங்ல இருக்கேன்."

யாழினி, பக்கத்துப் போர்ஷன் செல்வியின் மகள். ஐந்தாம் வகுப்பு. கூப்பிடுவதற்குள் வந்து நிற்பாள்.

"பெரியம்மா, கையத் தூக்கவா?"

"தூக்கு. ஆடாத, குண்டூசி குத்திப்புடும்."

"சுத்துனா கொடை மாதிரி விரியுமா?"

"விரியும்."

"பாக்கெட் வைப்பீங்களா?"

"கவுனுக்கு எதுக்குடி பாக்கெட்?"

"அப்ப கைய எங்கிட்டு வச்சுக்கிறதாம்?"

பாக்கெட் வைத்தேன். ஜெனிக்கும் பிடிக்கும்தானே...

மெஷின் ஓடும்போது வீட்டில் இன்னொரு ஆள் இருப்பது போலிருக்கும். நிறுத்தினால் – அந்த ஆள் எழுந்து போய்விடுவார். யாழினி வந்த சாயங்காலங்களில் மட்டும் அப்படித் தோன்றவில்லை. கழுத்து சரியாக வந்தது. இடுப்பும் சரி. ஒழுங்காக இருந்த தோளைப் பிரித்து மறுபடி தைத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

எல்லாம் முடிந்த அன்று செல்வி ஒரு டப்பா நிறைய முறுக்கோடு வந்தாள்.

"ஒங்க பண்டிகைக்கு எங்க புள்ளைக்குத் தச்சுருக்கீங்களேக்கா! தெருவெல்லாம் தண்டோரா போட்டுட்டு வர்றா. நாளைக்கு ஸ்கூல்ல கிறிஸ்துமஸ் விழா. டான்ஸுக்கு வாடகை டிரஸ் வேணாம், எங்க பெரியம்மா தைக்கிறாங்கன்னு டீச்சர்ட்டயே சொல்லிட்டாளாம்... எம்புட்டுத் திமிரு பாருங்க!"

இது யாருக்கு என்று அந்தப் பிள்ளையிடம் ஒரு நாளாவது சொன்னேனா? இன்னொன்று தைக்கலாம் என்றால் துணி? கட் பீஸில் போனது போனதுதான், அந்த மெரூன் திரும்ப வராது.

கொடுத்தேன். அம்மா பின்னாலேயே வந்து நின்ற யாழினி ஆச்சரியப்படவே இல்லை. தன் பொருளைத் தான் வாங்கிக்கொள்வது போல வாங்கிக்கொண்டு, பாக்கெட்டில் கையை விட்டுப் பார்த்துவிட்டு ஓடினாள்.

இனி ஜெனி. அவள் அழுதால் என்ன சொல்வது? மனசுக்குள் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போன் போட்டேன்.

"ஜெனிம்மா... அத்தை இந்த வருஷம் கவுன் தைக்கலடா."



"பரவால்ல அத்தை! நான் இப்பல்லாம் ஜீன்ஸ்தான். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல. அப்பா சொல்றேன் சொல்றேன்னு சொல்லவே இல்ல."

அளவு ஏன் வரவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அழுவாள் என்று நான் பயந்த குரலில் எவ்வளவு நிம்மதி! நானும் சிரித்துக்கொண்டேதான் போனை வைத்தேன். அதன் பிறகு மெஷின் பக்கம் போகவில்லை. தரையில் கிடந்த மெரூன் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்... எதற்கென்று இல்லை. வீடு ஒரு சுற்று லூசாகத் தைத்தது போல, என்னைத் தொடாமல் நின்றது.

கோபமா? யார் மேல்? இத்தனை வருஷமும் பழைய பேப்பர் அளவை வைத்து, இரண்டு விரல் கூட்டி வெட்டியே காலத்தை ஓட்டினேன். பிள்ளைகள் இரண்டு விரல் கணக்கிலா வளர்கிறார்கள்? யாழினி வந்து நின்றாள், கேள்வி கேட்டாள், பாக்கெட் வாங்கினாள். கவுன் அவளுடையதுதான். பஞ்சாயத்துக்கே இடமில்லை.

ஜெனி வரட்டும். எனக்கு ஜீன்ஸ் தைக்க வராது. ஆனால் கடை ஜீன்ஸ் எப்படியும் நீளமாகத்தான் இருக்கும், கால் மடித்துத் தைக்க வேண்டும்... அதற்காவது கொஞ்ச நேரம் என் முன்னால் நிற்பாள் அல்லவா?